ஷார்ஜாக் கத்தியும் கமுதிக் கத்தியும்

கீழக்கரை
21-4-2025

தம்பி சஃபீர்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எடுத்த எடுப்பிலேயே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயாலாவது கேட்டால் நீ இன்னும் அதிகமாகச் சந்தோஷப்படுவாய். அந்தப் பாக்கியத்தை உனக்கு ஏன் கொடுக்க வேண்டும்? போன வாரம் ஒரு கல்யாண விருந்தில், ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேர் முன்னாலும் என் கைலி அவிழ்ந்து விழுந்தது. அவிழ்த்தது நீ கொடுத்த மடக்குக்கத்தி.

ஒரே பெரிய தட்டில், சஹனைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம். தண்ணீர் பாட்டில் கட்டு ஒன்று வந்தது. மேலே பிளாஸ்டிக் தாள் இறுகச் சுற்றியிருந்தது. பரிமாறுகிறவர் நகத்தால் சுரண்டினார், பல்லால் இழுத்தார், கடைசியில் நிமிர்ந்து, "யாருட்டயாச்சும் கத்தி இருக்கா?" என்றார். தம்பி, பிறந்ததிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்த கேள்வி அது. எழுந்தேன். இடுப்பில் செருகியிருந்த உன் ஷார்ஜாக் கத்தியைச் சினிமாக் கதாநாயகன் மாதிரி ஒரே இழுப்பில் உருவினேன். அதன் முதுகில் ஒரு கிளிப் வைத்திருக்கிறார்களே, அது என் வெள்ளைக் கைலியின் மடிப்பைக் கவ்விக்கொண்டிருந்ததை நான் அறியேன். கத்தி வந்தது. கூடவே கைலியும் வந்தது.

உள்ளே போட்டிருந்த அரைக்கால் சட்டையின் நிறத்தை இன்றைக்கு ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "பாட்டிலப் பிரிங்கன்னு சொன்னா, ஒங்களயே பிரிச்சிட்டீங்களே காக்கா" என்றான் ஒருத்தன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கைலியைப் பிடித்த கை தளர்கிறது. பெரிய சங்கடம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நீதான் என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டாயே. உன் வீட்டுக்காரி லாமியாவின் போனிலிருந்து பேசலாம் என்று பார்த்தால், "ஒங்க கத்திச் சண்டைக்கெல்லாம் எங்க போனு கெடையாது" என்று அக்காள் மாஷிதாவும் தங்கச்சியும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அக்காளை நான் கட்டி, தங்கச்சியை நீ கட்டி, ஊர் வழக்கப்படி இருவரும் மாமியார் வீட்டிலேயே குடியிருக்கிற சகலைகள் நாம். நான் கீழே, நீ மாடியில். நீ மாடியில் என்பது வருஷத்துக்கு ஒரு மாதக் கணக்கு. அது வேறு.

தப்பு எங்கே ஆரம்பித்தது தெரியுமா? ஜனவரியில் லீவில் வந்தபோது கத்தியை என் கையில் கொடுத்தாய். கீழே வைத்திருந்தால் நான் எடுத்துக்கொண்டிருப்பேன். சல்மா மாமி அப்போதே, "மாப்புளே, கத்தியக் கைக்குக் கை குடுக்காதீங்க, பகையாயிரும்" என்று கத்தினார். நீ சிரித்தாய். "அதெல்லாம் பழைய கத்திக்கு மாமி" என்றாய். நோன்புப் பெருநாளன்று நான் குடும்பக் குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டேன், நீ குரூப்பை விட்டே போய்விட்டாய். ஒரு கத்தியைக் கேலி செய்ததற்கா இவ்வளவு கோபம்?

சரி, நியாயமாகவே பார்ப்போம். என் கூரியர் கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்திக்கு வேலை உண்டு. இன்று முதல் இடது பக்கம் ஷார்ஜா, வலது பக்கம் கமுதிச் சந்தையில் வாங்கிய என் மரப்பிடி மடக்குக்கத்தி. இரண்டையும் சுமந்துகொண்டே திரிந்து, எது நல்ல கத்தி என்று எழுதுகிறேன். ஓரவஞ்சனை இருக்காது.

ஈஸ்டருக்கு வந்திருந்த உங்கள் கம்பெனி எலக்ட்ரீஷியன், பாம்பன் ஜோஸ்வின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

சுஐபு

---

ஷார்ஜா
30-4-2025

சுஐபு காக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

ஜோஸ்வின் கடிதத்தைக் கொடுத்தார். கொடுக்கும்போதே சிரித்தார். உறையை ஒட்டாமல் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன்.

அந்தக் கிளிப் பேண்ட் பாக்கெட்டுக்கானது. கைலிக்கு அல்ல. பெட்டிக்குள் படம் போட்ட காகிதம் இருந்தது. நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். கைலி உடுத்துகிற நாளில் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவும். திறப்பதற்கு இரண்டு கை தேவையில்லை. அலகின் பக்கத்தில் உள்ள குமிழைக் கட்டைவிரலால் தள்ளினால் போதும். முழுதாகத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு தகடு நகர்ந்து வந்து அலகுக்கு முட்டுக்கொடுக்கும். அதுதான் பூட்டு. அந்தத் தகட்டைத் தள்ளிப் பிடிக்காமல் கத்தி மடங்காது. உங்கள் கமுதிக் கத்தியில் பூட்டே இல்லை. ஒரு நாள் விரலைக் கடிக்கும். மேலும், இது துருப்பிடிக்காத இரும்பு. நம்மூர் உப்புக்காற்றைச் சொல்லி, மூன்று கடை ஏறி இறங்கி வாங்கினேன்.

இனி, உங்கள் கேள்வி. கத்தியைக் கேலி செய்ததற்குக் கோபமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் என்ன பேசினீர்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. "இந்தக் கத்தி நம்ம சின்ன மாப்புள மாதிரிதான். வருசத்துக்கு ஒரு தடவ வரும், பளபளன்னு இருக்கும், ஆளாளுக்குக் கையில வாங்கிப் பாப்போம், அப்புறம் பெட்டிக்குள்ள வச்சிருவோம்." இதைத்தான் பேசினீர்கள். கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள் வந்தன. லாமியாவுடையதும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டாள். நான் பார்த்துவிட்டேன்.

கம்பெனியில் ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார்கள். மே மாதம் 28ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம் இங்கே. இல்லையென்றால் விசாவை கேன்சல் செய்துவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடலாம். லாமியாவைக் கேட்டால், "ஒங்க இஷ்டம்" என்கிறாள். அதை எந்தப் பக்கமாக எடுத்துக்கொள்வது என்று விளங்கவில்லை.

வந்தால் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை? மோட்டார் ஓடவில்லை என்றால் நீங்கள். மாமியை ராமநாதபுரம் டாக்டரிடம் கூட்டிப்போவது நீங்கள். வாசலில் யார் வந்தாலும், "சுஐபு இருக்காரா?" நான் மாடியில் உட்கார்ந்து என்ன செய்வேன்?

பரீட்சையை நடத்துங்கள். முடிவை மறைக்காமல் எழுதுங்கள்.

சஃபீர்

---

கீழக்கரை
10-5-2025

தம்பி சஃபீர்,

உறையை ஒட்டினேன். கூரியர் கடைக்காரன் ஒட்டின உறை, அது திறந்துகொண்டது. அந்த லட்சணத்தில்தான் கடை நடக்கிறது.

பரீட்சை முடிவுக்கு வருகிறேன். முதலில் பார்சல் டேப். உன் ஷார்ஜாவுக்குப் பளபளவென்று கறுப்பு அலகு, பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. நாலு பெட்டி பிரிப்பதற்குள் டேப்பின் பசை முழுதும் அதன்மேல் ஏறி, ஐந்தாவது பெட்டியில் கத்தியே ஒட்டிக்கொண்டது. கமுதியைத் தொடையில் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும், சுத்தம். (மாஷிதா கைலியைத் துவைக்கும்போது சொல்வதை இங்கே எழுத முடியாது.)

அடுத்து மாம்பழம். ஷார்ஜாவுக்கு முதுகு தடிமன். அது மாம்பழத்தை அறுக்கவில்லை, விறகு மாதிரிப் பிளந்தது. கமுதி துண்டு துண்டாகச் சீவித் தள்ளியது. ஆனால், நான் ஓரவஞ்சனை செய்கிறவன் இல்லை, கமுதி பட்ட இடமெல்லாம் பழம் கறுத்துவிட்டது. மாமி ஒரு துண்டை வாயில் போட்டு, "என்ன மாப்புளே, மாம்பழத்துல ஆணி வாசம் அடிக்குது" என்று வெளியே எடுத்து வைத்தார். கமுதி துருவும் பிடிக்கிறது. தினமும் தேங்காயெண்ணெய் கேட்கிறது. என் தலைக்குக்கூட நான் அவ்வளவு எண்ணெய் வைப்பதில்லை. வைப்பதற்குத் தலையில் என்ன இருக்கிறது, அது வேறு.

மூன்றாவதாகத் தொதல். இங்கேதான் ஷார்ஜா விழுந்தது. கடைக்கு வந்த தொதலை உன் கத்தியால் வெட்டினேன். அந்தக் கறுப்பு அல்வா, பூட்டுத் தகட்டுக்குள்ளும் கீல் ஆணியிலும் போய்க் குடியேறிவிட்டது. கத்தி திறந்தால் மடங்கவில்லை, மடங்கினால் திறக்கவில்லை. அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அசர் தொழுகைக்குப் போனேன். முதல் ரக்அத்தில் எறும்பு ஏறியது. இரண்டாவது ரக்அத்தில் நெஞ்சில் ஒன்று கடித்தது. பக்கத்தில் நின்றவர், நான் அல்லாஹ்வை நினைத்து நடுங்குகிறேன் என்று எண்ணி, முடிந்ததும் கையைப் பிடித்து மரியாதை செய்தார்.

நான்காவது, காக்கிச் சட்டை. ராமநாதபுரத்தில் ஒரு ஆபீஸ் வாசலில் பையைச் சோதித்தார்கள். ஷார்ஜாவைப் பார்த்ததும் அந்த ஏட்டு ஓரமாக நிற்கச் சொன்னார். "இது என்ன சார், ஆளக் கிழிக்கிற கத்தியா இருக்கு?" கமுதியையும் எடுத்துக் காட்டினேன். அதை வாங்கி, கையிலிருந்த கொய்யாக்காயை நறுக்கி, உப்பு மிளகாய் தொட்டுத் தின்றுவிட்டு, எனக்கும் ஒரு துண்டு கொடுத்து அனுப்பினார். ஒன்று ஆளை நறுக்குகிற முகம், மற்றது பழம் நறுக்குகிற முகம். தினமும் சுமக்கிற கத்திக்கு முகமும் முக்கியம்.

நீ சொன்ன விரல் விஷயமும் நடந்தது. தேங்காய் நாரை அறுக்கையில் கமுதி படக்கென்று மடங்கி ஆள்காட்டி விரலைக் கடித்தது. தோல்தான். ஜெராக்ஸ் மிஷினில் மாட்டியது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். மிஷினில் ரத்தம் எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை, அல்லது அவ்வளவு அக்கறை.

உனக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறாய். மோட்டாரை நானா பார்க்கிறேன்? முத்துராமலிங்கம் வந்து பார்ப்பார். நான் டார்ச் பிடிப்பேன். "காக்கா, மோட்டார்ல அடிங்க, ஏங் கண்ணுல அடிக்காதீங்க" என்பார். மாமியை டாக்டரிடம் கூட்டிப்போவது மாஷிதா. நான் வெளியே டீ குடிப்பேன். அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்று இத்தனை வருஷத்தில் நானே கேட்டதில்லை. கேட்டால் வம்பு.

வாய்ஸ் நோட்டைப் பற்றி ஒரு பாரா எழுதினேன். படித்துப் பார்த்தேன். எனக்கே பிடிக்கவில்லை. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டேன். கமுதியால்தான். நேராக வந்தது.

ஆக, இன்றைய நிலவரம்: கமுதி முன்னால்.

சுஐபு

---

ஷார்ஜா
16-5-2025

சுஐபு காக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மறைக்காமல் எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறீர்கள். நன்றி.

தொதலை அந்தக் கத்தியால் வெட்டியது தவறு. அது கத்தியின் தவறு அல்ல. ஆனால் நம்மூரில் தொதல் வெட்ட முடியாத கத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வியும் நியாயம்தான். நான் அதை யோசிக்கவில்லை. கடையில் நின்றபோது உப்புக்காற்று நினைவுக்கு வந்தது, தொதல் வரவில்லை. இத்தனை வருஷம் வெளியே இருந்தால் இப்படித்தான்.

நீங்கள் மாமியைப் பற்றியும் ஏட்டைப் பற்றியும் எழுதியதை ஜோஸ்வினுக்குப் படித்துக் காட்டினேன். "ஒங்க சகலை ரொம்ப ஜாலியான ஆளுண்ணே, அவரு இருக்கிற வீட்டுல வேற யாரும் பேசவே வேணாம்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

லாமியாவிடம் நேற்று, கையெழுத்துப் போடப்போகிறேன் என்றேன். "குக்கர் விசில் அடிக்குது, அப்புறம் பேசுறேன்" என்றாள். அப்புறம் பேசவில்லை.

28ஆம் தேதி காலையில் ஆபீசுக்குப் போகிறேன். இரண்டு வருஷம் ஒன்றும் பெரிய காலம் இல்லை. ஷார்ஜாக் கத்தியை வெந்நீரில் போட்டுக் கழுவி, யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கையில் கொடுக்க வேண்டாம். கீழே வைத்துக் கொடுங்கள்.

சஃபீர்

---

கீழக்கரை
24-5-2025

தம்பி சஃபீர்,

அவசரம். டிக்கெட் எடுக்கக் கடைக்கு வந்த வசந்தகுமார் நாளைக்கு மதுரையில் ஏறி நேராக உங்கள் ஊருக்குத்தான் வருகிறான். இதை உன் கையிலேயே சேர்ப்பதாகச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை உறைமேல் டேப்பும் சுற்றியிருக்கிறேன்.

போன கடிதத்தில் நான் சொன்ன தீர்ப்பு செல்லாது. முழுதாகத் தள்ளுபடி. நேற்று நடந்ததைக் கேள்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கென்று சிக்கல் ஊரிலிருந்து ஒரு கிடாய் வாங்கி வந்து கொல்லையில் கட்டியிருக்கிறோம். நல்ல கறுத்த கிடாய், கொம்பு ஒன்றே முழ நீளம். நேற்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். கொல்லையில் சத்தம். ஓடிப் பார்த்தால், கிடாய் சுவரேறிக் குதித்திருக்கிறது. கயிறு போதவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கழுத்தில் தொங்குகிறது. கண் பிதுங்கி, நாக்கு வெளியே. நைலான் கயிறு, அவிழ்க்கலாம் என்றால் முடிச்சு கல்லாக இறுகிவிட்டது.

நான் சுவரேறிக் குதித்தேன். (சிரிக்காதே. பக்கத்து வீட்டு விறகுக் கட்டுமேல் ஏறி இறங்கினேன் என்று வைத்துக்கொள்.) இடது கையால் கிடாயைத் தூக்கிப் பிடித்தேன். வலது கையால் கமுதியை எடுத்தேன். தம்பி, கமுதியைத் திறக்க இரண்டு கை வேண்டும். நகமும் வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் நான் நகத்தை எல்லாம் ஒட்ட வெட்டியிருந்தேன். பல்லால் கடித்து இழுத்தேன். துருப்பிடித்த கீல், அசையவில்லை. மாமி நம் கொல்லைப் பக்கம் நின்று, "யா அல்லாஹ், குர்பானி ஆடு மௌத்தாப் போகுதே" என்று கதறுகிறார். அப்போது லாமியா கத்தினாள். என்ன கத்தினாள் தெரியுமா? "மச்சான், அவங்க கத்தி! அவங்க கத்திய எடுங்க!"

எடுத்தேன். கட்டைவிரலால் ஒரு தள்ளு. திறந்தது. பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. ஒரே அறுப்பு. கயிறு போச்சு, கிடாயும் நானும் அங்கே கிடந்த குப்பைமேல் விழுந்தோம். அந்தச் செவலை எழுந்து நின்று என்னை ஒரு முட்டு முட்டிவிட்டுப் போய்ப் புல் தின்கிறது.

மாமி கத்தியை வாங்கிப் பார்த்தார். (கீழே வைத்துத்தான் கொடுத்தேன்.) "சின்ன மாப்புள இங்கன இல்லாட்டியும் அவரு வாங்கிக் குடுத்தது நிக்குது பாரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் இருக்கீங்களே" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய பேச்சிலேயே சுருக்கமானது அது.

அதனால் தீர்ப்பு இது. டேப்பும் மாம்பழமும் தொதலும் தினசரி வேலை. அதற்குக் கத்தியே வேண்டாம், வீட்டில் அரிவாள்மனை இருக்கிறது. ஆபத்துக்கு உதவுகிற கத்திதான் இடுப்பில் இருக்க வேண்டும். ஷார்ஜா வென்றது. நான் பெருநாளன்று பேசியது ஒரு வாயாடியின் பேச்சு. பளபளப்பாக இருக்கிற எல்லாம் பெட்டிக்குப் போக வேண்டியதில்லை. இதற்குமேல் என்னை எழுதவைக்காதே. எனக்கு எழுத்து வராது, வாய்தான்.

குக்கர் விசில் என்று எழுதியிருந்தாயே. அன்றைக்கு வீட்டில் பரோட்டா. கடையிலிருந்து நான்தான் வாங்கி வந்தேன். குக்கர் அடுப்பிலேயே ஏறவில்லை.

காகிதத்தில் கையெழுத்துப் போடாதே.

ஒன்று மட்டும்: லாமியாவிடம் இந்த ஆட்டுப் பேச்சை எடுக்காதே. பாவம், பயந்துபோயிருக்கிறாள். ஆடு என்றாலே அழுகிறாள்.

சுஐபு

---

ஷார்ஜா
31-5-2025

சுஐபு காக்காவுக்கு,

வசந்தகுமார் 26ஆம் தேதி மாலை வந்து கொடுத்தார். டேப்பைப் பிரிக்க நெடுநேரம் ஆயிற்று.

28ஆம் தேதி ஆபீசுக்குப் போனேன். கையெழுத்துப் போடவில்லை. கேன்சலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பெருநாளைக்கு வர முடியாது, காகித வேலை இருக்கிறது. ஜூன் கடைசியில் வருவேன். மேனேஜர் காரணம் கேட்டார். வீட்டில் ஆள் தேவைப்படுகிறது என்றேன்.

லாமியாவிடம் சொன்னதும், மாடி அறை ஃபேன் சத்தம் போடுகிறது, வந்து பாருங்கள் என்றாள். எந்தப் பக்கம் சத்தம், எப்போதிலிருந்து என்று அரை மணி நேரம் பேசினாள். முத்துராமலிங்கத்தைக் கூப்பிட வேண்டாம். நான் வரும்வரை அது சத்தம் போடட்டும்.

கத்தியின் உள்ளே தொதல் இன்னும் இருக்கும். வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு சொட்டு மிஷின் ஆயில் விடவும். தேங்காயெண்ணெய் விட வேண்டாம். நீங்கள் விட்டிருப்பீர்கள். கமுதிக் கத்தியை எறிந்துவிடாதீர்கள், மாம்பழம் முடிவதற்குள் வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.

உங்கள் நம்பரை இன்னும் திறக்கவில்லை. கடிதத்தில் நீங்கள் கொஞ்சம் குறைவாகப் பேசுகிறீர்கள்.

கிடாய் முதல் பக்கத்தில் கறுப்பாக இருக்கிறது, இரண்டாம் பக்கத்தில் செவலையாகிவிடுகிறது. பயத்தில் நிறம் மாறியிருக்கலாம். பேசக்கூடாது என்று எழுதியிருந்ததால், கடிதம் கிடைத்த அன்றே லாமியாவிடம் பேசினேன். இந்த வருஷம் நம் வீட்டில் ஆடு வாங்கவில்லையாம், கூட்டுக் குர்பானியில் ஒரு பங்குதானாம். ஜமாஅத்தில் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தது நீங்கள்தானாம்.

சஃபீர்